கொல்கத்தா மீனின் கல்லீரலில் நடப்பது

கழிவுநீரில் வளரும் மீன்

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேரில் ஈரநிலம் பரந்து கிடக்கிறது. நகரத்தின் கழிவுநீர் கால்வாய்கள் வழியாக அங்குள்ள ‘பேரி’ எனும் மீன்பண்ணைகளுக்கு வருகிறது. வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் மனிதக் கழிவைச் சிதைத்துவிட, அந்தச் சத்தில் ரோகுவும் கட்லாவும் திலேப்பியாவும் கொழுக்கின்றன. இந்த ஈரநிலத்தின் அருமையை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். 2002இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை எந்த வெயிலும் சிதைக்காது. அவை சேற்றில் தங்கி, புழு பூச்சிகள் வழியே மீனுக்குள் போகின்றன.

நொதிகளின் போராட்டம்

உயிர்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனில் சிறு பங்கு, செல்லைத் தாக்கும் சூப்பர் ஆக்சைடாக மாறுவது இயல்பு. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் அதை நீராக்கிவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் செல்லுக்குள் மாற்றமடையும்போதே இத்தகைய தீய மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. காட்மியமோ செல்லைக் காக்கும் குளுட்டாதயோனைப் பற்றிக்கொண்டு காவலையே குறைக்கிறது.

தொடக்கத்தில் நொதிகள் கூடுதலாக உருவாகி ஈடுகொடுக்கும். பாதிப்பு நீடித்தால் அவையும் தளரும். செல்சவ்வின் கொழுப்பு சிதையும். செவுளும் கல்லீரலும்தான் முதலில் அடிபடும். அப்போதும் மீன் துள்ளும், செதில் மின்னும். சந்தையில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் என்னை அஞ்சவைக்கிறது.

தோல் பதனிடும் நீர்

குரோமியம் கலந்த நீரை வெளியேற்றிய, கொல்கத்தாவின் டாங்ரா, டோப்சியா, தில்ஜலா பகுதித் தோல் தொழிற்கூடங்களை இடம் மாற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் உத்தரவிட்டது. கொல்கத்தாவின் தோல் தொழில் பந்தலாவுக்குப் போனது. அதுவும் ஈரநிலத்தை ஒட்டிய இடமே. வீட்டுக் கழிவு இந்த மீன்களுக்கு உணவு. குரோமியம் கலந்த நீர் ஒரு சொட்டும் அந்தக் கால்வாயில் சேரக் கூடாது.

சமையலறையில்

கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உலோகம் போகாது. சதையைவிடக் கல்லீரல், சிறுநீரகம், செவுள் ஆகியவற்றிலேயே பெரும்பாலான உலோகங்கள் அதிகம் சேரும். வங்காளிகள் மீன் குடலிலும் கொழுப்பிலும் விரும்பிப் போடும் வடையைக் குறைத்துக்கொள்வது நல்லது. தலையைச் சமைத்தால் செவுளை முழுவதும் நீக்குங்கள். மீனையே ஒதுக்க வேண்டாம், அதன் புரதம் அத்தனை உயர்ந்தது. ஒரே குளத்து மீனை நாள்தோறும் உண்ணாமல் வகைகளை மாற்றி வாங்குங்கள். உடலில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுகளுக்கு மேலும் தங்கும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சதைப்பகுதியை மட்டும் கொடுங்கள்.