பேட்டரி சார்ஜ் போட லயத்து வீடா இடம்?

தோழர்களே! செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்க டிரோன் வந்துவிட்டது. மருந்துச் சுமையோடு பறந்தால் ஒரு பேட்டரி சுமார் 10 நிமிடம்தான் தாங்கும். நாலைந்து பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டால்தான் வேலை நடக்கும். அத்தனையையும் "ராத்திரி வீட்டிலே சார்ஜ் போட்டுக் கொண்டு வா" என்று மண்டோர் சொன்னால் தலையாட்டாதீர்கள்.

இவை லித்தியம் பேட்டரிகள். அடிபட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ தீப்பிடிக்கும். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் இந்த வேலை எதற்கு?

வசதியான வழி இருக்கிறது. பல பேட்டரிகளைச் சேர்த்து மாட்டும் சார்ஜரும் ஜெனரேட்டரும் இருந்தால் வேலைக்காட்டிலேயே, வெட்டவெளியில், காரியம் முடிந்துவிடும். பேட்டரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். இறக்கியதை நிழலில் ஆறவிட்டு, பிறகு வரிசைப்படி மாட்டுங்கள். சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் ஆள் இருக்கட்டும். உப்பிப்போன பேட்டரியை ஒதுக்கிவிட்டு, கிராணியிடம் எழுத்து மூலம் சொல்லுங்கள்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, இயன்றவரை பாதுகாப்பான சாதனமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்தை அவர் நீக்காவிட்டால் விலகி நிற்கும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் நமக்கு உண்டு.

ஆகவே ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள்: தோட்டத்துச் செலவில், லயத்துக்குத் தள்ளி, காற்றோட்டமான சார்ஜ் அறை. தோட்டத்து வேலைக்குத் தோட்டத்து மின்சாரம், அதுதானே நியாயம்!