ரேடியேட்டருக்குள் போர் தண்ணியா?

உங்க வீட்டில் பத்து வயசான கார் ஒன்று இருந்தால், இதைப் படித்து முடித்ததும் போய் பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது மட்டும். ஓரத்தில் வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும், அதில் மின், மேக்ஸ் என்று இரண்டு கோடு. உள்ளே இருப்பது பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ தெரிந்தால் சந்தோஷம். வெறும் தண்ணி மாதிரி இருந்தாலோ, டீ டிகாக்‌ஷன் கலரில் இருந்தாலோ, தொடர்ந்து படியுங்கள்.

இன்ஜின் ஆயில் மாற்ற நம்ம ஊரில் யாரும் மறப்பதில்லை. கூலன்ட் என்று வந்தால் மட்டும் "தண்ணிதானே, ஊத்திக்கலாம்" என்கிறோம். அந்தத் தண்ணியும் பெரும்பாலும் வீட்டு போர் தண்ணி. ரேடியேட்டர் தானாகக் கெட்டுப்போவதைவிட, இப்படி நாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பதுதான் அதிகம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டுக்கொண்டு கொல்லிமலை ஏறுகிறீர்கள். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் 20 கிலோவாட் பவர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீட் பேலன்ஸ் ஷீட் ஞாபகம் இருக்கா? எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகவும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு கூலிங்குக்கும் போகும். அதாவது கூலன்ட்டுக்குள்ளும் கிட்டத்தட்ட 20 கிலோவாட் சூடு. வீட்டு கீசர் 2 கிலோவாட் என்றால், பத்து கீசர் சேர்ந்து ஒரு ஐந்து லிட்டர் தண்ணீரைச் சூடாக்குகிற மாதிரி. அத்தனை சூட்டையும் வெளியே தள்ளுவது இரண்டு விரல் தடிமன் உள்ள ஒரு அலுமினிய வலை.

அது நின்றுவிட்டால்? 5 கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 21 கிலோஜூல் போதும். உள்ளே வருவது வினாடிக்கு 20 கிலோஜூல். ஆக வினாடிக்கு கிட்டத்தட்ட ஒரு டிகிரி! இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இதைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனாலும் "ஊர் வந்ததும் பாத்துக்கலாம்" என்று சொல்ல டைம் கிடையாது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட சுமார் இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ரேடியேட்டர் மாற்றுவது அரை நாள் வேலை. ஹெட்டைக் கழற்றி, லேத்துக்குக் கொடுத்து, திரும்ப மாட்டுவது அப்படி இல்லை. செலவைக் கேட்டதும் வீட்டில் "பேசாம வித்துடலாம்" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

சரி, தண்ணி ஊற்றினால் என்ன தப்பு? சூட்டைச் சுமப்பதில் சுத்தமான தண்ணீர்தான் பெஸ்ட். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டின் ஸ்பெசிஃபிக் ஹீட் அதைவிடக் குறைவு. உறைந்துபோகாமல் இருக்கத்தான் கிளைக்கால் என்பார்கள், கொதிநிலையையும் அது கொஞ்சம் ஏற்றும். நம்ம வெயிலில் உறையும் கவலை இல்லை. ஆனால் கூலன்ட் பாட்டிலில் நமக்கு முக்கியமானது அதில் சேர்த்திருக்கும் துரு தடுப்பு மருந்துகள். பிளாக் இரும்பு, ரேடியேட்டர் அலுமினியம், நடுவில் சூடான தண்ணீர். கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த கால்வானிக் செல் அப்படியே ரெடி. மருந்து இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடித்து டிகாக்‌ஷன் கலர் வரும், அலுமினியக் குழாய் அரித்து ஊசித் துளை விழும்.

போர் தண்ணியில் இதோடு உப்பும் சேரும். சர்க்கரை சூடான தண்ணியில் நல்லா கரையும், கால்சியம் கார்பனேட் நேர் எதிர்: சூடு ஏற ஏறக் கரையாமல் படியும். அதனால் எங்கே சூடு அதிகமோ அங்கேதான், அதாவது ஹெட்டைச் சுற்றியுள்ள வாட்டர் ஜாக்கெட்டில், வெள்ளைப் படிவம் சேரும். வீட்டு கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் படிவத்தின் வழியே வெப்பம் போவது அலுமினியத்தைவிட நூறு மடங்குக்குக் கிட்ட மோசம். உதிர்ந்து வரும் துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

கூலன்ட்டை அடர்த்தியாக வாங்கினால் கலக்க டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கில் விற்கிறார்களே, அதேதான். ரெடி மிக்ஸ் வாங்கினால் அந்த வேலையும் இல்லை. ஒன்று மட்டும்: கலரைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள். கலர் வெறும் சாயம், அதற்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. வகை ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் கஞ்சி மாதிரி திரண்டுகொள்ளலாம். ஓனர்ஸ் மேனுவலில் எந்த வகை, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். பழைய வகை இரண்டு வருஷம் தாங்கும், ஆர்கானிக் ஆசிட் வகை அதைவிட அதிகம்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. பல கார்களில் 0.9 பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும். ஸ்டீம் டேபிளை எடுத்து 1.9 பார் அப்சல்யூட்டில் பாருங்கள்: தண்ணீர் கொதிப்பது சுமார் 118 டிகிரி செல்சியஸில். அதாவது 110 டிகிரியிலும் உள்ளே திரவமாகவே இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகி, மீதிக் கொதி தண்ணியையும் இழுத்துக்கொண்டு முகத்துக்கு நேராக வரும். துணி போட்டுத் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாம், அரை மணி நேரமாவது ஆறட்டும். இன்னொரு டிப்: வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி ஒட்டிப்போயிருந்தால், மூடியில் உள்ள வேக்கம் வால்வு சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். புது மூடி சல்லிசு.

ஹீட் ஆகிறது என்றதும் ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். சிக்னலில், டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஹீட் ஏறி, ஹைவேயில் இறங்கிவிட்டால் முதலில் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடியாக வேண்டும், அதை வைத்தே டெஸ்ட் பண்ணலாம். ஊருக்குள் ஒன்றும் இல்லாமல், மலை ஏறும்போதும் 100-ல் போகும்போதும் ஏறினால் குழாய் அடைப்போ, ஃபின்களில் மண்ணோ, தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காததோ காரணமாக இருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி மாதிரி இருந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

1901-ல் வந்த மெர்சிடிஸ் 35 எச்பி காருக்கு வில்ஹெல்ம் மேபாக் 8,070 சின்னக் குழாய்கள் கொண்ட தேன்கூடு ரேடியேட்டர் வைத்தார். காற்று படும் பரப்பைக் கூட்டு என்ற அந்த ஐடியாதான் இன்றைக்கும். அந்தப் பரப்பில் பூச்சியும் மண்ணும் ஒட்டினால் பயன் போச்சு. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே வரும் மாதிரி, சாதா ஹோஸ் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் மடங்கிவிடும்.

சில மெக்கானிக் அண்ணன்கள் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும், காரணத்தோடுதான். இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். நோய் வேறு எங்கோ இருக்க, அதை மறைக்கும் வைத்தியம் இது.

மாற்றித்தான் ஆக வேண்டுமா? பழைய பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்துவிடலாம். இப்போது வருவது அலுமினிய வலை, இரண்டு பக்கமும் மடக்கிப் பிடித்த பிளாஸ்டிக் டேங்க். டேங்க் விரிசல் விட்டால் பேஸ்ட் போட்டு ஓட்டாமல் புதுசு மாட்டுவதே நல்லது. வேலை இப்படித்தான் போகும்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அடியில் கூலன்ட்டை வடித்து, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் கனெக்டர், மேல் பிராக்கெட் போல்ட். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஆயில் கூலர் பைப்பும் இருக்கலாம். முன்னால் இருப்பது ஏசி கண்டென்சர், அதன் பைப்பில் கை வைக்காதீர்கள், கேஸ் போய்விடும். ரேடியேட்டரை நேராக மேலே தூக்குங்கள், அடியில் உள்ள ரப்பர் புஷ் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸையும் கிளாம்ப்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புது ரேடியேட்டரில் உப்பிப்போன பழைய ஹோஸை மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

சொதப்பல் நடப்பது பெரும்பாலும் கூலன்ட் ஊற்றும்போதுதான். வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், காற்று இருக்கும் இடத்தில் ஹெட் கூல் ஆகாது. ஹீட்டரை ஃபுல் ஹாட்டில் வைத்து, மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் பண்ணி, குமிழி வருவது நிற்கும் வரை அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில கார்களில் இதற்கென்றே ஒரு பிளீட் ஸ்க்ரூ உண்டு. கீழ் ஹோஸும் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மறுநாள் காலை ஆறிய பிறகு லெவல் இன்னொரு தடவை.

ரோட்டில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை ஆஃப் பண்ணி, ஹீட்டரை ஃபுல்லாக வையுங்கள். மே மாசத்தில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர். அப்படியே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடலாம். ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள்: கூலன்ட் முழுக்கக் காலியானால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், தப்பாகக் காட்டும்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெரு நாய் நக்கினால் கிட்னி போய்ச் செத்துவிடும். மூடி உள்ள கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ரேடியேட்டரைக் காயலான் கடைக்குக் கொண்டுபோகும் முன் பிளாஸ்டிக் டேங்கைப் பிரித்து எடுத்துவிடுங்கள். சுத்த அலுமினியமாக நிறுத்தினால் பேரம் பேச வசதி.