நீரில் கரந்த நுண்மாசு

நகர மக்கள் நாள்தோறும் பயன்படுத்திக் கழிக்கும் நீர், நிலத்தடிக் குழாய்களின் வழியே ஓடிச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அங்குத் தூய்மை செய்யப்பெற்று ஆற்றில் விடப்படுகிறது. அந்நீர் கண்ணுக்குத் தெளிந்து தோன்றும், நாற்றமும் இராது. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. புலன்களால் அறிய இயலாத மாசுகள் சில அதனுள் கரந்து உறைவதுண்டு. ஹார்மோன்களால் விளையும் மாசு அத்தகையது. அதன் இயல்பு யாது, அதனை அகற்றுவது எங்ஙனம் என்பவற்றை இங்குக் காண்போம்.

நம் உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவை குருதியிற் கலந்து உடலெங்கும் சென்று வளர்ச்சி, இனப்பெருக்கம் முதலிய செயல்களை நடத்துகின்றன. அரசனது ஆணையைச் சுமந்து செல்லும் தூதுவர்க்கு அவற்றை ஒப்பிடலாம். ஓலை சிறிது, ஆணையின் ஆற்றலோ பெரிது. வேலை முடிந்த ஹார்மோனோடு சர்க்கரையைச் சார்ந்த பொருளொன்றைப் பிணைத்து, அதன் ஆற்றலை அடக்கி, உடல் அதனைச் சிறுநீரின் வழியே வெளியேற்றுகிறது. கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஹார்மோனும் பெரும்பாலும் இவ்வாறே வெளியேறுகிறது. ஆனால், சாக்கடையில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அறுத்துவிடுகின்றன. கட்டவிழ்ந்த ஹார்மோன் தன் பழைய ஆற்றலை மீண்டும் பெறுகிறது.

இதனால் நேரும் கேட்டை முதலில் உணர்த்தியவை மீன்களே. இங்கிலாந்து நாட்டு ஆறுகளில் ரோச் என்னும் மீன் வாழ்கிறது. அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கழிவுநீர் கலக்கும் இடங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆண் ரோச் மீன்கள் பலவற்றின் விந்துச் சுரப்பிகளில் முட்டை அணுக்கள் காணப்பட்டன. சூசன் ஜாப்ளிங், ஜான் சம்ப்டர் முதலிய அறிஞர்கள் 1998ஆம் ஆண்டில் இதனை விரிவாக வெளியிட்டனர்.

தனி மீன்களுக்கு நேரும் இக்கேடு ஓர் இனத்தையே அழிக்கவும் கூடுமோ? இவ்வினாவுக்கு விடை காண, கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றில், கேரன் கிட் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக் காலங்களில் அவ்வேரியில் செயற்கை ஹார்மோனைக் கலந்தனர். லிட்டருக்கு ஐந்து அல்லது ஆறு நானோகிராம் என்பதே அதன் அளவு. ஒரு கிலோமீட்டர் நீளமும், ஒரு கிலோமீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் உடைய ஏரி ஒன்றைக் கருதுக. அதன் 100 கோடி லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பின் எடையளவே மருந்து கரைந்திருப்பின் எவ்வளவோ, அவ்வளவே அது!

அச்சிற்றளவும் போதியதாயிற்று. முட்டையின் மஞ்சட்கருவுக்கு மூலமான புரதம் ஆண் மீன்களின் உடலில் மிகுதியாக உண்டாயிற்று. சில ஆண்டுகளே வாழும் சிறுமீன் இனமொன்று அவ்வேரியில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மருந்து கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளுக்குப்பின் அவ்வினம் மீண்டும் பெருகியது. கேட்டின் காரணம் நீங்கினால் நீர்நிலை தன்னைத் தானே திருத்திக்கொள்ளக் கூடும் என்பதும் இதனால் விளங்கிற்று.

இனி, அகற்றும் முறைகளைக் காண்போம். 1914ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரைச் சார்ந்த ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் வழங்குவது அம்முறையே. நுண்ணுயிர் நிறைந்த சேற்றை நெடுநாள் நிறுத்தி வைப்பின், இயற்கை ஹார்மோன்களின் பெரும்பகுதியை அவை சிதைத்துவிடும். செயற்கை ஹார்மோனோ எளிதில் சிதைவதன்று. ஆதலின் மேலும் ஒரு படி தேவையாகிறது.

அதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, ஓசோன் வாயுவை நீரினுள் செலுத்துதல். அது ஹார்மோன் மூலக்கூற்றைத் தாக்கி அதன் வடிவை மாற்றுகிறது. பல் உடைந்த சாவி பூட்டைத் திறவாததுபோல, உருமாறிய ஹார்மோனும் தன் பணியைச் செய்யாது. எஞ்சிய சிதைவுகளை மணல் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் குறைக்கின்றன. மற்றொன்று, கிளர்வூட்டிய கரியைப் பயன்படுத்துதல். நிலக்கரி, தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றிலிருந்து இக்கரி செய்யப்படுகிறது. அதன் ஒரு கிராமில் அடங்கிய நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டரினும் மிகுதி. அப்பரப்பில் மாசு ஒட்டிக்கொள்கிறது. ஓசோனுக்கு மின்சாரம் வேண்டும். கரியையோ அடிக்கடி மாற்றுதல் வேண்டும். ஆகவே இரண்டும் பொருட்செலவு உடையனவே.

இச்செலவை ஏற்பவர் யார்? சுவிட்சர்லாந்து நாடு இதற்கு வழிகாட்டியது. சூரிச் நகருக்கு அண்மையிலுள்ள டூபென்டார்பில் 2014ஆம் ஆண்டில் ஓசோன் நிலையம் ஒன்று முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு முதல், தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்கள் நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்குதல் வேண்டும் என அந்நாடு விதித்தது. அதன் பொருட்டு ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 9 பிராங்கு வரை கட்டணமும் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமோ, இச்செலவில் பெரும்பங்கை மருந்தும் ஒப்பனைப் பொருளும் செய்வோர்மீது சுமத்தியது.

மாத்திரை உண்பார்மீது மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. இயற்கை ஹார்மோன் ஆண், பெண் அனைவரிடமிருந்தும் வெளியேறுகிறது. மருந்துகளும் நமக்கு இன்றியமையாதவை. எனவே, எல்லாராலும் விளையும் மாசினை எல்லாரும் கூடியே நீக்குதல் வேண்டும். உண்ணாது எஞ்சிய மருந்துகளைச் சாக்கடையில் கொட்டாதிருத்தல் நம்மால் இயன்ற முதற்பணி. நாம் பயன்படுத்திய நீரை, அடுத்து அதனை நாடும் உயிர்க்குத் தீங்கு செய்யாத நிலையில் ஆற்றிடம் ஒப்படைப்பதே நகர வாழ்வின் நாகரிகமாகும்.