தொலைந்த சாவியைக் காரிலிருந்து அழித்தீர்களா?

கார் சாவி தொலைந்தால் பலர் செய்வது ஒன்றுதான். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியோடு சாவி போடும் கடைக்குப் போய், அதேபோல் இன்னொன்று போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். முடியவில்லை. தொலைந்த சாவி யார் கையில் கிடைத்ததோ, அவருக்கும் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும்.

ரிமோட் சாவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கதவைத் திறப்பது ரிமோட். என்ஜினை ஓடவிடுவது உள்ளே இருக்கும் சிறு சிப். காரின் இம்மொபிலைசர் அதை அடையாளம் கண்டால்தான் வண்டி கிளம்பும்.

கடைகளில் பெரும்பாலும் இருக்கும் சிப்பை இன்னொரு சிப்பில் படியெடுத்துத் தருகிறார்கள். காரின் நினைவகத்தைத் தொடுவதில்லை. தொலைந்த சாவி அங்கே பதிவாகியே கிடக்கும். ஆகவே ஆர்.சி., அடையாள அட்டை, போலீஸ் ரசீது, மிச்சமிருக்கும் எல்லாச் சாவிகளோடும் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பழைய பதிவுகளை அழித்து, கையில் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். எத்தனை சாவி பதிவில் உள்ளது என்று கருவியின் திரையில் காட்டச் சொல்லுங்கள். "பழைய சாவி நீக்கப்பட்டது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அப்படியும் தொலைந்த சாவியின் இரும்புப் பகுதி கதவைத் திறக்கும். வீட்டு முகவரியோடு சாவி போயிருந்தால் லாக் செட்டையே மாற்றுவது நல்லது.

போலீஸ் ரசீது என்றேன். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும் தொலைந்த ஆவணச் சான்று லைசென்ஸ், ஆர்.சி. போன்ற ஆவணங்களுக்கானது, சாவிக்கு உதவாது. காவல் நிலையத்தில் வண்டி எண், சேசிஸ் எண், தொலைந்த இடம், நேரம் எழுதிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சாவி திருடப்பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்புவது சில நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, கைதுக்குரிய குற்றத் தகவலை எந்த எல்லையில் நடந்ததென்று பாராமல் பதிய வேண்டும், நகலும் இலவசம். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள்.

அந்த ரசீதின் நகலோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே கடிதம் கொடுங்கள். கார் திருடு போனால் அவர்கள் முதலில் கேட்பது எல்லா ஒரிஜினல் சாவிகளையும்தான். ஒன்று குறைந்து, காகிதமும் இல்லையென்றால் கிளெய்ம் நின்றுவிடும். திருட்டு நடந்தபின் எழுதும் கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள். சாவி தொலைந்த அன்றே எழுதுங்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பழைய கார் வாங்குகிறவர்களே, ஒரே ஒரு சாவியைக் கொடுத்து "இன்னொன்று தொலைந்துவிட்டது" என்றால் முழுப் பணம் கொடுக்கும் முன்பே பழைய பதிவுகளை அழிக்கச் செய்யுங்கள். ஒற்றைச் சாவியோடு ஓட்டாதீர்கள். அதுவும் தொலைந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். சாவியோடு வந்த உலோக வில்லையில் ஓர் எண் இருக்கும். புதிய சாவி வரவழைக்க அது வேண்டும். அதைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.