மனச்சிதைவு நோய்க்கு வீட்டு வாசலில் வைத்தியம்... ஆய்வு சொல்வது என்ன?

பிக்கட்டி:

"யாரோ காதுல பேசுறாங்க...", "சாப்பாட்டுல என்னமோ கலந்துட்டாங்க..." வீட்டில் ஒருவர் இப்படிப் பேச ஆரம்பித்தால், மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. மனச்சிதைவு என்னும் நோய். சிலருக்கு இதோடு அளவு மீறிய உற்சாகமோ, எதிலும் பிடிப்பில்லாத சோகமோ சேர்ந்து வரும். அதை 'ஸ்கிசோஅபெக்டிவ்' என்கிறார்கள் டாக்டர்கள்.

பாதியில் நிற்கும் மாத்திரை

இதற்கு மாத்திரை உண்டு. ஆனால் தூக்கம், எடை கூடுவது, கை நடுக்கம் என்று சிலருக்குத் தொந்தரவு வரும். பிக்கட்டி, மஞ்சூர் பக்கமிருந்து ஊட்டிக்குப் போய் டாக்டரைப் பார்த்து வந்தால் அன்றைய கூலி போச்சு. "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும் ஆபத்து அதிகம்.

வீடு தேடி வந்த உதவி

இதற்கு வழி தேடி நம் நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்தது. 1984-ல் சென்னையில் தொடங்கப்பட்ட 'ஸ்கார்ப்' நிறுவனமும் இதில் பங்கேற்றது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர் சேர்க்கப்பட்டனர். 95 பேருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும். மற்ற 187 பேருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்களும் வீட்டுக்கு வந்தார்கள்.

இவர்கள் டாக்டர்கள் அல்ல. மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது, நோயைப் பற்றி குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வது, மெல்ல வேலைக்குத் திரும்ப உதவுவது இவர்களின் பணி. ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில், ஊழியர் வந்த வீடுகளில் நோயின் தாக்கமும், அன்றாட வேலை செய்ய முடியாத நிலையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் டாக்டர் தூரத்தில் இருக்கும் மலை ஊர்களுக்கு இது முக்கியமான சேதி.

புது மருந்து

1950-களில் இருந்து வந்த மருந்துகள் மூளையில் 'டோபமைன்' என்ற ரசாயனத்தின் வேலையைத்தான் கட்டுப்படுத்தின. வேறு வழியில் வேலை செய்யும் 'சானோமெலின்-டிராஸ்பியம்' மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதிலும் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் போன்ற தொந்தரவுகள் உண்டு. புது மருந்து வருமென்று கையில் இருக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆய்வுக்குக் கூப்பிட்டால்...

மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் பயப்படவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்து போடவும் வேண்டாம். புரிகிற மொழியில் விளக்கம் கேளுங்கள். சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்படுமா என்றும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று 2019-ம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன.

யாரிடம் கேட்பது?

14416 என்ற எண்ணுக்கு போன் செய்தால் 'டெலி மனஸ்' ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள். இரவு, பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம். நோயாளி பேச மறுத்தால் வீட்டில் உள்ளவர்களே பேசலாம். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது.