சரியான பிளக்கைத் தேடி

சிராங்கூன் என்றதும் பலருக்கும் பூக்கடைகள் நிறைந்த சாலைதான் நினைவுக்கு வரும். அதே பெயரில் ஒரு கடற்பகுதியும் சிங்கப்பூரில் உண்டு. புலாவ் உபினுக்கும் சிங்கப்பூர்த் தீவுக்கும் இடையில் உள்ள நீர்ப்பரப்பைக் கடல் வரைபடங்கள் ‘சிராங்கூன் துறைமுகம்’ என்று குறிப்பிடுகின்றன. உபினைச் சுற்றியுள்ள கடலில் மிதக்கும் மீன்பண்ணைகள் இருக்கின்றன. பண்ணைகளுக்குச் சென்றுவரப் பின்புறம் மோட்டார் மாட்டிய சிறு படகுகள் பயன்படுகின்றன. (சாங்கியிலிருந்து உபினுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள் பெரும்பாலும் டீசலில் ஓடுகின்றன. டீசல் இயந்திரத்திற்கு ஸ்பார்க் பிளக் தேவையில்லை.)

பெட்ரோல் மோட்டார் அப்படியன்று. பிளக் தரும் தீப்பொறிதான் எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிளக் பழுதானால் மோட்டார் திணறி நிற்கும். படகு நீரோட்டத்தின் போக்கில் போகும்.

புதிய பிளக் வாங்குவது எளிது என்று தோன்றலாம். ஆனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. ஜப்பானிய நிறுவனமான என்ஜிகே தயாரிக்கும் ‘பி8எச்எஸ்-10’ என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். ‘பி’ என்பது மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதைக் காட்டுகிறது. ‘எச்’ என்பது மரைப்பகுதியின் நீளம், அது 12.7 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள 10, தீப்பொறி தாவும் இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்கிறது. ‘எச்’ இருக்கும் இடத்தில் ‘இ’ இருந்தால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் ஆகிவிடும். விட்டம் ஒன்றே என்பதால் அதுவும் துளைக்குள் நுழையும். ஆனால், அதன் நுனி உள்ளே நீண்டு, மேலேறி வரும் பிஸ்டனில் மோதக்கூடும். ஓர் எழுத்து மாறியதற்கு ஒரு மோட்டாரே விலையாகலாம்!

நடுவில் உள்ள 8 வெப்ப எண். பிளக் தன் நுனியின் வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதை அது உணர்த்துகிறது. நுனி போதிய சூடு அடையாவிட்டால் கரி படியும். அளவுக்கு மீறிச் சூடானால், தீப்பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். என்ஜிகே பிளக்குகளில் எண் கூடக்கூட நுனி குளிர்ச்சியாக இருக்கும். சேம்பியன் பிளக்குகளிலோ எண் கூடக்கூட நுனி சூடாகும். டென்சோவின் எண்வரிசை வேறு. என்ஜிகேயின் 8 அங்கே 24. எனவே, நிறுவனம் மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்க முடியாது. நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

பழைய பிளக்கைக் கடையில் காட்டி, “இதேபோல் ஒன்று கொடுங்கள்,” என்று கேட்பவர்கள் உண்டு. படகு முன்பு வேறொருவரிடம் இருந்திருந்தால் அதிலும் ஆபத்து இருக்கிறது. அவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம் அல்லவா? மோட்டாரின் கையேட்டில் அச்சிட்டுள்ள குறியீட்டை எழுதி எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது. அப்படி வாங்கி வந்த பிளக்கையும் முதலில் கையால்தான் திருக வேண்டும். சில சுற்றுகள் தடையின்றி உள்ளே சென்ற பிறகே ஸ்பேனரை எடுக்கலாம்.