சீட் கிடைத்துவிட்டது, இனிதான் சிக்கல்

சைக்காலஜி முதுநிலைக்கு ஒரே ஓர் இடத்தில் சீட் கிடைத்த பிள்ளைக்குக் குழப்பம் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று மெயில் வந்த வீட்டில்தான் தூக்கம் போகிறது. சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், இங்கிலாந்தில் பெயர் கேள்விப்பட்டிராத ஓர் ஊரில் ஒரு வருட எம்.எஸ்சி. மூன்றும் லட்சத்தில் பேசுகின்றன. முன்பணத்துக்கு மூன்றும் அவசரப்படுத்துகின்றன.

சித்தையன்கோட்டை மாதிரி ஊரில் இந்தச் சுமை இன்னும் கொஞ்சம் கூடுதல். திண்டுக்கல் மாவட்டத்தில், செம்பட்டிக்குப் பக்கத்தில், ஆத்தூர் தாலுகாவில், நெல்லையும் தென்னையையும் நம்பியிருக்கும் பேரூராட்சி அது. எட்டிப் பார்க்கிற தூரத்தில் காந்திகிராமம். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகத் தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, மத்திய அரசின் நிதியில் நடக்கிற இடம். அங்கே வாங்குகிற கட்டணத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரம் வேறு உலகத்துக் கணக்காகத்தான் தெரியும். "அத்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணுமாம்" என்று மகள் சொன்னால், "இத முடிச்சா என்ன வேலம்மா கிடைக்கும்?" என்று அத்தா கேட்பார். அடுத்த தெருவில் அப்பா கேட்பார். கேள்வி ஒன்றுதான். அதற்கு மகளால் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போவதில் வியப்பில்லை. விதிகள் இவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கும் படிப்புகள் நாட்டில் அதிகம் இல்லை.

அந்த அத்தாவின் கேள்விதான் சரியான கேள்வி என்பது என் கட்சி. கல்லூரியின் பெயர், வளாகத்தின் படம், தரவரிசை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்ட முடியாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்சிஐ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், சிறையைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதற்கு ஆர்சிஐ அங்கீகாரத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது.

இங்கேதான் பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். எம்.எஸ்சி. சைக்காலஜி, அப்ளைடு சைக்காலஜி, கவுன்சலிங் சைக்காலஜி என்று எத்தனை லட்சம் கொடுத்துப் படித்தாலும், அந்தப் பட்டம் மட்டும் இந்தப் பதிவேட்டில் இடம் வாங்கித் தராது. வழக்கமான பாதை, எம்.எஸ்சி. முடித்து, ஆர்சிஐ அங்கீகரித்த இடத்தில் நோயாளிகளோடு இருந்து கற்கிற 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். அந்தப் பாதையிலும் இப்போது வேலை நடக்கிறது. எம்.ஃபில். பட்டமே வேண்டாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதை விதியாக்கியது. பிறகு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குத் தருவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. ஆர்சிஐயும் இதற்கிடையில் எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி போன்ற புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே சீனியர் அக்கா மூன்று வருடத்துக்கு முன்னால் போன வழியை அப்படியே பிடித்துக்கொண்டு போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சேர்க்கை அலுவலகத்தில் கேட்க வேண்டியது இது: "இந்தப் படிப்பை முடித்தால் ஆர்சிஐ பதிவேட்டில் என் பெயர் ஏறுமா? ஏறினால் எந்தப் பிரிவில்?" முழு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, துணை நிலையா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. 'அப்ரூவல் வந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வந்தால், வந்த பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிடலாம். எந்த நிறுவனத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை, எத்தனை இடங்களுக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் ஆர்சிஐ இணையதளத்திலேயே இருக்கிறது. வண்ணப் பிரசுரத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

கிளினிக்கல் பக்கம் போகப்போவதில்லை, பள்ளியிலோ நிறுவனத்திலோ கவுன்சலராக இருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் காலம் மாறியிருக்கிறது. ஆர்சிஐக்குள் வராத சைக்காலஜிஸ்டுகளைத் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் தன் வளையத்துக்குள் எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் இது சிறிய விஷயம் இல்லை. வேலையை விடாமல் அஞ்சல் வழியில் சைக்காலஜி முடித்த ஆசிரியர்களும் செவிலியர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் குறைந்த செலவு வாசல் மூடப்பட்டதும், நேரடி வகுப்பு நடத்துகிற தனியார் இடங்களின் மவுசு கூடத்தான் செய்யும். கட்டணத்தை வைத்துத் தரத்தை எடை போடாதீர்கள் என்று இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் இது.

இனி கடன் கணக்கு. 2 ஆண்டுப் படிப்புக்கு 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 5 லட்சம், இரண்டாம் வருடம் 5 லட்சம் என்று வங்கி தருகிறது. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். 'கட்ட வேண்டாம்' என்பதை 'வட்டி இல்லை' என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. தனி வட்டியாகவே போட்டாலும் தவணை தொடங்கும் நாளில் கடன் 12.5 லட்சமாகியிருக்கும். அதைப் 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் ஏறத்தாழ 20 லட்சம். புதிதாக வேலைக்குச் சேர்கிற பள்ளிக் கவுன்சலர் மாதாமாதம் இதைக் கட்டிவிட்டு வாடகையும் கொடுத்துச் சாப்பிடவும் முடியுமா? சீட் தந்த கல்லூரியில் போன வருடம் முடித்த நான்கு பேரைப் பிடித்துச் சம்பளத்தைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். சொல்ல மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கடனிலும் வேறுபாடு உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை மூன்றாம் ஆளின் ஜாமீனோ சொத்து அடமானமோ இல்லை. 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்துப் பத்திரம் என்ற பேச்சு. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்ந்தால் ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. எல்லாக் கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் கிடையாது. கட்டணம் ஒன்றாக இருக்கும் இரண்டு சீட்டுகளில் ஒன்று பட்டியலில் இருந்தால், உண்மையில் அதுதான் மலிவு. சிறுபான்மைக் குடும்பங்கள் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக்கடனை விசாரித்துவிட்டு வங்கிக்குப் போகலாம். தோப்பை எழுதிக் கொடுப்பதும் நகையை மொத்தமாக வைப்பதும் இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

கடனைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. யாரும் கேட்காத கேள்வியும் அதுதான். படிக்கிற இடத்தில் நோயாளிகள் இருக்கிறார்களா? சொந்த மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறதா, அல்லது வருடத்துக்கு இரண்டு வாரம் எங்காவது கூட்டிப்போய் வாசலில் போட்டோ எடுத்துத் திரும்புவதா? ஒரு வழிகாட்டி எத்தனை மாணவர்களைப் பார்க்கிறார்? நீங்கள் பேசிய நோயாளியைப் பற்றி வாரம் ஒரு முறையாவது உங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் உண்டா? இதெல்லாம் இல்லாத பட்டம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

மொழியும் அதில் சேர்த்தி. திண்டுக்கல் பக்கம் ஒருவர் மனச்சோர்வோடு வந்தால் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி பேசமாட்டார். "நெஞ்சு படபடங்குது", "உடம்பெல்லாம் எரியுது", "ராத்திரி கண்ணு மூடல" என்பார். உடன் வந்த மாமியார் "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க" என்பார். டாக்டரிடம் வருவதற்கு முன் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய் வந்திருப்பார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. அவ்வூர் தர்காவில் பிற்பாடு பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து கிடைக்கும்படி 'தவா-துவா' என்று அரசே ஏற்பாடு செய்தது. இந்த மக்களிடம் தமிழில் உட்கார்ந்து பேசிப் பழக, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடமோ மதுரையின் பெரிய ஆஸ்பத்திரியோ தருகிற அனுபவத்தைக் குளிரூட்டிய வகுப்பறை தராது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் தமிழ் பேசும் நோயாளிகளும் வருவார்கள். இத்தகைய அரசு இடங்களில் கட்டணம் குறைவு, சீட்டும் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். ஒரு வருடம் வீட்டிலிருந்து அதற்குத் தயாராவது, கிடைத்த விலையுயர்ந்த சீட்டில் உடனே சேர்வதைவிடப் பல பிள்ளைகளுக்கு நல்லது. 'ஒரு வருஷம் வீணாப் போச்சே' என்று சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வெளிநாட்டு சீட்டைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி. படித்தவுடன் அங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது, அதற்கு முனைவர் நிலைப் பயிற்சி தனியாக வேண்டும். இங்கே திரும்பினாலும் அந்த ஒரு வருடப் பட்டத்தை மட்டும் வைத்து ஆர்சிஐ பதிவு வாங்க முடியாது. படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடும் காலமும் 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இது பொருந்தும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நல்ல பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன. லட்சக்கணக்கில் கேட்பது அனேகமாக முதுநிலையும் சைடி என்கிற தொழில்முறை முனைவர் படிப்பும்தான். பணத்தோடு வருகிற அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி நெருக்கக் கூடாது என்று அங்கே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் அப்படி ஒரு நாகரிகம் எப்போது வருமோ!

ஆள் தேவை இல்லாமல் இல்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் சிகிச்சை எட்டாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. திண்டுக்கல்லுக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் தேவை இருப்பதும் சம்பளத்தோடு பணியிடம் இருப்பதும் ஒன்றாகிவிடாது. கடன் வாங்கப் போகிறவர்கள் பணியிடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கட்டிய முன்பணம் போனது போனதுதான் என்று பயந்து, பிடிக்காத கல்லூரியிலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். 2024-25 சேர்க்கைக்கு யுஜிசி அறிவித்த விதிப்படி, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டியிருந்தது. உங்கள் ஆண்டுக்கு என்ன தேதி என்று யுஜிசி தளத்தில் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள், ரசீதை வாங்கி வையுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான்.